டாம் அண்ட் ஜெர்ரியில் முகம் காட்டாத பெண்: பழைய கார்ட்டூன்களுக்கு எச்சரிக்கை எதற்கு?

ஒரே டாம் அண்ட் ஜெர்ரி படம்தான். ஒரு பிரதியில் துடைப்பத்தோடு பூனையை விரட்டுவது பருத்த உடம்புள்ள ஒரு கறுப்பினப் பெண். கழுத்துக்கு மேலே திரையில் வராது. இன்னொரு பிரதியில் அதே வீடு, அதே பூனை, ஆனால் விரட்டுவது ஒல்லியான ஒரு வெள்ளைக்காரப் பெண். மூன்றாவது பிரதியில் பழைய கறுப்புக் கால்களே இருக்கும், குரல் மட்டும் மாறியிருக்கும். இது போதாதென்று 2014 அக்டோபரில் அமேசானின் வீடியோ சேவையும் ஐட்யூன்ஸும் இந்தப் படங்களோடு ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தன. ஒருகாலத்தில் அமெரிக்காவில் சாதாரணமாக இருந்த இனத் துவேஷம் இவற்றில் தென்படலாம் என்பது அதன் சாரம். எலியும் பூனையும் அடித்துக்கொள்வதில் இனம் எங்கே வந்தது என்று பலரும் குழம்பிப்போனார்கள்.

தமிழ்நாட்டில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். பேச்சு ஏறக்குறைய இல்லாத படம் என்பதால் மொழி தெரியாமலே ரசித்தோம். கூடவே அமெரிக்க வரலாறும் தெரியாமலே ரசித்தோம். அந்த வரலாற்றை அடியிலிருந்து பார்த்தால்தான், ஒரே பெண் ஏன் இத்தனை வடிவம் எடுத்தாள் என்பது விளங்கும்.

சில அடிப்படைகள்

அடி, உதை, வழுக்கல், வெடி ஆகியவற்றால் சிரிக்கவைப்பது ஸ்லாப்ஸ்டிக். பெயர் ஒரு கருவியிலிருந்து வந்தது. பழைய இத்தாலிய மேடைக் கோமாளிகள் இரண்டு மெல்லிய மரப்பட்டைகளைச் சேர்த்துக் கட்டிய மட்டையை வைத்திருப்பார்கள். லேசாகத் தட்டினாலே ‘படார்’ என்று கேட்கும், வாங்குகிறவனுக்கு வலிக்காது. அந்த வலியில்லாத அடியை கார்ட்டூன்காரர்கள் எடுத்துக்கொண்டு, மனித உடம்பு தாங்கவே முடியாத அளவுக்குப் பெரிதாக்கினார்கள்.

1930 முதல் 1960 வரையிலான அமெரிக்கக் குறும்படங்களைப் பார்க்கும்போது மூன்று விஷயங்களை மனதில் வைக்க வேண்டும்.

1. நேரம் குறைவு. ஆறு முதல் எட்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். ஒரு பாத்திரம் திரைக்கு வந்த நொடியே ‘இது இன்ன ஆள்’ என்று தெரிந்தாக வேண்டும். அறிமுகம் செய்ய அவகாசம் கிடையாது.

2. அதனால் அச்சு வார்ப்புகள் தேவைப்பட்டன. சோம்பேறி, கஞ்சன், குடிகாரன், முரட்டு போலீஸ்காரன் என்று பார்வையாளர் மனதில் ஏற்கனவே இருக்கும் பிம்பத்தைக் கடன் வாங்குவது சுலபம். நாடகமேடையும் பத்திரிகைச் சித்திரங்களும் விளம்பரங்களும் அந்தப் பிம்பங்களைத் தயாராக வைத்திருந்தன. அவற்றில் பாதி, இனத்தின் பெயரால் செய்யப்பட்டவை.

3. இவை குழந்தைகளுக்காக எடுக்கப்பட்டவை அல்ல. சினிமா தியேட்டரில் முழுநீளப் படத்துக்கு முன்னால் ஓடியவை. பார்த்தவர்கள் எல்லா வயதினரும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அந்தத் தியேட்டர்களிலேயே கறுப்பினத்தவருக்கு இடம் தனி. பல ஊர்களில் மாடியில்.

வெள்ளைக் கையுறையின் பூர்வீகம்

மிக்கி மவுஸ் 1929இல் கையுறை மாட்டிக்கொண்டது. கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுத்த உடம்புக்கு முன்னால் கறுத்த கை வந்தால் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைக் கையுறை அந்தச் சிக்கலைத் தீர்த்தது. இது உண்மைதான். ஆனால் கறுத்த முகம், பெரிய வாய், அகன்ற கண், வெள்ளைக் கையுறை என்ற அந்த மொத்த வேஷமும் திரைக்கு வருமுன் நூறு வருஷமாக மேடையில் இருந்தது.

அதன் பெயர் மின்ஸ்ட்ரல் ஷோ. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பினத்தவரைச் சோம்பேறிகளாகவும் மூடர்களாகவும் ஆடிப் பாடிக் காட்டிய கேளிக்கை. 1830களில் இது பரவியது. அப்போது டி. டி. ரைஸ் என்ற நடிகர் ஆடிய ‘ஜிம் க்ரோ’ என்ற வேஷத்தின் பெயரையே, பின்னாளில் தென்மாநிலங்களின் இனப்பிரிவினைச் சட்டங்களுக்கும் சூட்டிவிட்டார்கள். ஒரு கோமாளியின் பெயர் சட்டத்தின் பெயரானதைப் பார்த்தால், அந்தச் சிரிப்பு எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பது தெரியும்.

கார்ட்டூன் இந்த மேடையைப் பார்த்து வளர்ந்த கலை. வார்னர் பிரதர்ஸின் லூனி ட்யூன்ஸ் வரிசை 1930இல் தொடங்கியபோது அதன் முதல் நாயகன் போஸ்கோ. அவனை உருவாக்கிய ஹ்யூ ஹார்மன், 1928இல் பதிப்புரிமை அலுவலகத்தில் அவனைப் பதிவுசெய்த பெயரே ‘நீக்ரோ பாய்’. போகப்போக அவன் என்ன பிராணி என்றே தெரியாத மொழுமொழு உருவமாகிவிட்டான். தோற்றம் மங்கியது, நடையும் ஆட்டமும் அப்படியே நின்றன.

தணிக்கை என்று ஒன்று இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. ஹாலிவுட் தயாரிப்பாளர்கள் 1927இல் தங்களுக்கே வகுத்துக்கொண்ட பட்டியலில், எந்த நாட்டையும் இனத்தையும் மதத்தையும் வேண்டுமென்றே புண்படுத்தக் கூடாது என்ற வரியே உண்டு. 1934இல் விதிகள் இறுக்கப்பட்டபோது, குட்டைப் பாவாடைக் கார்ட்டூன் நாயகி பெட்டி பூப்பின் பாவாடை நீண்டது. கரி பூசிய முகங்கள் மட்டும் எந்தத் தடையுமின்றி ஓடிக்கொண்டிருந்தன. பெட்டியின் முழங்கால் பட்ட கண்ணில் இது படவில்லை.

மேமி என்பவள் யார்?

இப்போது அந்தப் பெண்ணிடம் வருவோம். மேமி டூ ஷூஸ் என்று அவளைச் சொல்வார்கள். மேமி என்றால் எகிப்து மம்மியும் இல்லை, நம்மூர் மாமியும் இல்லை. அடிமைமுறைக் காலத்தில் வெள்ளையர் வீட்டில் சமைத்து, அவர்கள் பிள்ளைகளை வளர்த்த கறுப்பினப் பெண்ணைக் குறிக்கும் சொல் அது. காலப்போக்கில் ஒரு வார்ப்பாகிவிட்டது. பருத்த உடம்பு, தலைத்துணி, ஏப்ரன், உரத்த குரல், எஜமான விசுவாசம், தனக்கென்று குடும்பமோ ஆசையோ இல்லாத வாழ்க்கை. அடிமைமுறை ஒன்றும் அவ்வளவு மோசமில்லை, பாருங்கள் அவள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள் என்று சொல்லிக்கொள்ள அந்த வார்ப்பு உதவியது. 1889இல் சந்தைக்கு வந்த ஆன்ட் ஜெமைமா பான்கேக் மாவின் உறையில் சிரித்தவளும் இவளே. அந்தப் பெயரைக் கைவிடப்போவதாக நிறுவனம் 2020இல்தான் அறிவித்தது.

டாம் அண்ட் ஜெர்ரியின் முதல் படமான ‘புஸ் கெட்ஸ் தி பூட்’ 1940 பிப்ரவரி 10 அன்று வெளியானது. எம்ஜிஎம் நிறுவனத்துக்காக வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் எடுத்தது. பூனைக்கு அப்போது பெயர் டாம் அல்ல, ஜாஸ்பர். இன்னொரு பொருளை உடைத்தால் வீட்டை விட்டு வெளியே அனுப்பிவிடுவேன் என்று அந்தப் பெண் பூனையை மிரட்டுகிறாள். ‘அவுட்’ என்ற சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்கிறாள்: ஓ, டபிள்யூ, டி. அந்த ஒற்றை எழுத்துப்பிழைக்கு தியேட்டர் சிரிக்க வேண்டும். கார்ட்டூனில் யாரும் அடிபடாமல் சிரிப்பு வரும் இடம் அது. அடி யார்மேல் விழுந்தது என்பது யோசித்தால் தெரியும்.

அவளுக்குக் குரல் கொடுத்தவர் லில்லியன் ராண்டால்ஃப். ரேடியோ நாடகங்களில் பெயர் பெற்ற கறுப்பின நடிகை. 1952 வரை அவர்தான் பேசினார். படத்தின் எழுத்து வரிசையில் அவர் பெயர் வரவில்லை. அதே 1940 பிப்ரவரியில், 29ஆம் தேதி, ஹாட்டி மெக்டேனியல் ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞரானார். ‘கான் வித் தி விண்ட்’ படத்தில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயரும் மேமிதான். விழா நடந்த ஹோட்டலில் கறுப்பினத்தவரை அனுமதிப்பதில்லை. சிறப்பு அனுமதி பெற்று அவரை உள்ளே விட்டு, படக்குழுவோடு சேர்க்காமல் தனி மேசையில் உட்கார வைத்தார்கள். கிடைத்த வேஷம் அதுதான். அதை ஏற்காவிட்டால் வேஷமே இல்லை.

முகத்தை ஏன் மறைத்தார்கள்? இதற்குத் தொழில்ரீதியான பதில் உண்டு. கதை எலியின் கண்மட்டத்தில் நடக்கிறது. மனிதர்கள் அங்கே வெறும் கால்களும் துடைப்பமும்தான். மனித முகத்தை அசையவைப்பது விலங்கு முகத்தைவிடக் கஷ்டம், செலவும் கூடுதல். ஆனால் அந்தப் பதில் முழுதாக ஒட்டவில்லை. மேமி போன பிறகு 1950களின் நடுவில் வெள்ளையினத் தம்பதி ஒன்று வீட்டுக்காரர்களாக வந்தது. ‘பிஸி படீஸ்’ படத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஜீனி என்ற வெள்ளையினப் பெண் வந்தாள். அவளுக்கு முகம் இருந்தது.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வார்ப்பு எப்போதும் வார்ப்பாகவே நிற்பதில்லை. 1947இல் வந்த ‘பார்ட் டைம் பால்’ படத்தில் போதையேறிய டாம் மாடிக்குப் போய் அவள் தலையில் தண்ணீரைக் கொட்டுகிறது. அவள் தூங்குவது மாடிப் படுக்கையறையில். வேலைக்காரியின் மூலையில் அல்ல. ‘சாட்டர்டே ஈவினிங் புஸ்’ படத்தில் நகைகள் அணிந்து சீட்டாட்டத்துக்குக் கிளம்புகிறாள். வீட்டில் வேறு எஜமானரே தென்படுவதில்லை. அது அவள் சொந்த வீடு என்று நினைத்துக்கொண்டு பார்த்தாலும் கதை ஓடும். ஹன்னாவும் பார்பெராவும் அப்படி நினைத்துச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் திரையில் அது இருக்கிறது.

கரியும் கேலியும்

வெடி வெடித்தால் முகம் கறுப்பாகும். அது புகைக்கரி; இயற்பியல். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பிரச்சினை அதற்கடுத்த நொடியில் தொடங்குகிறது. கரி படிந்த முகத்தில் உதடு தடிக்கிறது, தலையில் சின்னச் சின்னப் பின்னல்கள் முளைக்கின்றன, பின்னணி இசை மாறுகிறது. பூனை இப்போது கரி பட்ட பூனை இல்லை, மின்ஸ்ட்ரல் மேடைக் கோமாளி. அடிபட்டதால் வந்த சிரிப்பு அங்கே முடிந்துவிட்டது. கறுப்பாக மாறியதால் வரும் சிரிப்பு ஆரம்பமாகிறது. எச்சரிக்கைப் பலகையைப் பற்றிய சண்டையில் பாதி, இந்த இரண்டு நொடிகளைப் பிரித்துப் பார்க்காததால் வருவது.

1948இல் வந்த ‘மவுஸ் கிளீனிங்’ இதற்கு மிகத் தெளிவான உதாரணம். வீட்டைத் துடைத்துப் பளபளப்பாக்கிய மேமி, திரும்பி வரும்போது ஒரு அழுக்கு இருந்தாலும் பூனை வெளியே என்று சொல்லிவிட்டுப் போகிறாள். ஜெர்ரி வீட்டை அழுக்காக்குகிறது, டாம் ஓடி ஓடித் துடைக்கிறது. வேகம், நேரக்கணக்கு, முகபாவம் எல்லாவற்றிலும் உச்சத்தில் இருக்கும் படம்; ஒரு மறுபேச்சில்லை. கடைசியில் ஜெர்ரியின் வேலையால் ஒரு லோடு நிலக்கரி ஜன்னல் வழியே வீட்டுக்குள் கொட்டிவிடுகிறது. கதவைத் திறந்தவளைக் கரி வெள்ளம் அடித்துக்கொண்டு போகிறது. குவியலிலிருந்து தலைநீட்டும் டாமின் முகம் கரி, உதடு தடிப்பு. பூனையைப் பார்த்தாயா என்று அவள் கேட்க, டாம் இழுத்து இழுத்துச் சோம்பலாகப் பதில் சொல்லிவிட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டு நழுவுகிறது. அந்தப் பேச்சும் நடையும் ஸ்டெபின் ஃபெட்சிட் என்ற மேடைப்பெயரில் லிங்கன் பெர்ரி என்ற கறுப்பின நடிகர் பிரபலமாக்கியவை. அன்றைய ரசிகருக்கு உடனே பிடிபடும். பிறகு உண்மை தெரிந்து அவள் நிலக்கரித் துண்டுகளை டாமின் மேல் வீசுகிறாள்.

ஒரு கறுப்பினப் பெண்ணின் எதிரில், கறுப்பினத்தவராக வேஷம் போட்ட பூனை. அவளையும் வரைந்தது வெள்ளையர் கைதான், பூனையையும் வரைந்தது அதே கைதான். அந்தச் சட்டகத்தில் உண்மையாகவே கறுப்பினத்தைச் சேர்ந்தது ராண்டால்ஃபின் குரல் ஒன்று மட்டும்.

2013இல் டாம் அண்ட் ஜெர்ரியின் உயர்தரத் தொகுப்பின் இரண்டாம் பாகத்தை அறிவித்தபோது, இப்படங்களின் உரிமையை அதற்குள் பெற்றிருந்த வார்னர் நிறுவனம் ‘மவுஸ் கிளீனிங்’ படத்தையும் ‘காசனோவா கேட்’ படத்தையும் சேர்க்கவில்லை. சேகரிப்பாளர்கள் கொதித்தெழ, தொகுப்பே அப்போது கடைக்கு வராமல் நின்றது.

தொலைக்காட்சி வந்ததும் நடந்த மாற்றம்

இந்தப் படங்கள் இனி தியேட்டருக்கு இல்லை, குழந்தைகளுக்கு என்ற நிலை தொலைக்காட்சியால் வந்தது. டாம் அண்ட் ஜெர்ரி 1965 செப்டம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் சனிக்கிழமைக் காலை நிகழ்ச்சியானது. இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைச் சட்டம் நிறைவேறி ஒரு வருடம், வாக்குரிமைச் சட்டம் நிறைவேறி ஒரு மாதம் கடந்திருந்த நேரம். மேமியை அப்படியே காட்ட முடியாது.

அப்போது எம்ஜிஎம் கார்ட்டூன் பிரிவை நடத்தியவர் சக் ஜோன்ஸ். அவர் குழு செய்தது இது: பழைய படச்சுருளின் சட்டகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, மேமி இருந்த இடத்தில் புதிய உருவத்தை வரைந்து பொருத்துவது. இதற்கு உதவிய நுட்பம் ரோட்டோஸ்கோப், அதாவது ஓடிய படத்தைச் சட்டகம் சட்டகமாகப் பின்பற்றி வரைவது. பழைய உருவத்தின் அசைவை ஒட்டியே புதிய உருவம் அசைய வேண்டும். இல்லையென்றால் துடைப்பம் ஓரிடத்திலும் கை ஓரிடத்திலும் நிற்கும். இந்தக் கடுமையான உழைப்பில் மேமி ஒல்லியான வெள்ளைக்காரியானாள். ஜூன் ஃபோரே புதிய குரல் கொடுத்தார், ஐரிஷ் உச்சரிப்பில்.

ஐரிஷ் உச்சரிப்பு ஏன் என்பதுதான் வேடிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் வீட்டு வேலைக்காரி என்றால் ஐரிஷ்காரி என்று ஒரு வார்ப்பு இருந்தது. ‘பிரிட்ஜெட்’ என்று பெயரே வைத்துக் கேலி செய்வார்கள். ஒரு வார்ப்பை அகற்ற இன்னொரு பழைய வார்ப்பைத் தூசு தட்டி எடுத்திருக்கிறார்கள். யாரும் புகார் சொல்லாத வார்ப்பு என்பதுதான் அதன் தகுதி.

பின்னர் படங்கள் டர்னர் நிறுவனத்தின் கைக்குப் போயின. இந்த முறை உருவத்தைத் தொடவில்லை. குரலை மட்டும் மாற்றினார்கள். கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் தியா விடேல், கொச்சை குறைந்த பேச்சில் திரும்பப் பேசினார். பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் இதில் அழிந்தது ராண்டால்ஃப். படத்தில் பெயர் போடப்படாத நடிகைக்கு மிச்சமிருந்தது அந்தக் குரல்தான்.

அவமதிப்பைத் துடைக்கிறோம் என்று சொல்லி ஆளையே துடைத்துவிட்டார்கள் என்பது என் கருத்து. அன்றைய கார்ட்டூன்களில் பத்துக்கும் மேற்பட்ட படங்களில் தொடர்ந்து வந்த கறுப்பினப் பாத்திரம் அரிது. அவளைத் திருத்தி நல்ல பாத்திரமாக எழுத யாரும் முன்வரவில்லை. அவள் இடத்தில் ஒரு வெள்ளைக்காரியை வைப்பதே சுலபமாக இருந்தது.

கத்தரிக்கும் மற்ற வழிகள்

பழைய படங்களைக் கையாள நிறுவனங்கள் எடுத்த மற்ற வழிகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

1. திரும்ப வரைதல். மேமிக்கு முன்பே இது நடந்திருக்கிறது. டிஸ்னியின் 1933ஆம் வருடத்து ‘த்ரீ லிட்டில் பிக்ஸ்’ படத்தில் ஓநாய் யூத வியாபாரி வேஷத்தில் கதவைத் தட்டும். யூத அமைப்பு எதிர்த்தது. 1948இல் அந்தக் காட்சியை பிரஷ் விற்பவனாக மாற்றி வரைந்தார்கள்.

2. வெட்டுதல். கேட்க எளிது. ஆனால் டாம் அண்ட் ஜெர்ரிக்கு ஸ்காட் பிராட்லி அமைத்த இசை ஒவ்வொரு அடிக்கும் அசைவுக்கும் தாளம் பிடித்து எழுதியது. மூன்று நொடி வெட்டினால் இசையும் தடுக்கி விழும். வெடி வெடிக்கும், அடுத்த காட்சியில் பூனை சுத்தமாக நிற்கும். ஏதோ காணாமல் போயிருக்கிறது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும், என்ன என்றுதான் தெரியாது.

3. பூட்டிவைத்தல். ‘தணிக்கை செய்யப்பட்ட பதினொன்று’ என்று பேசப்படும் வார்னர் படங்கள் இந்த வகை. 1968இல் அவற்றின் உரிமை வைத்திருந்த யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் அவற்றை ஒளிபரப்பிலிருந்து எடுத்துவிட்டது. வெட்டினால் ஒன்றும் மிஞ்சாத அளவுக்கு முழுப் படமும் இனக் கேலி என்பது காரணம்.

அந்தப் பதினொன்றில் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பாப் கிளாம்பெட் 1943இல் எடுத்த ‘கோல் பிளாக் அண்ட் டி செபன் டுவார்ஃப்ஸ்’. ஸ்னோ ஒயிட் கதையைக் கறுப்பினப் பாத்திரங்களோடு ஜாஸ் இசையில் சொன்ன படம். கிளாம்பெட் தன் ஓவியர்களை லாஸ் ஏஞ்சல்ஸின் கிளப் அலபாமுக்குக் கூட்டிப்போய் ஆட்டங்களைப் பார்க்க வைத்தார். நாயகிக்கு விவியன் டான்ட்ரிட்ஜும், ராணிக்கு அவருடைய தாய் ரூபியும் குரல் கொடுத்தார்கள். அசைவின் துள்ளலுக்காக அனிமேஷன்காரர்கள் இன்றும் கொண்டாடுகிற படம். உருவங்களோ மிக மோசமான கேலிச்சித்திரங்கள். கறுப்பின உரிமை அமைப்பான என்ஏஏசிபி அந்த வருடமே எதிர்ப்புத் தெரிவித்தது. ‘அந்தக் காலத்தில் யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை’ என்ற வாதம் இங்கே நிற்காது. தெரிந்தவர்கள் அப்போதே சொன்னார்கள். கார்ட்டூன் தயாரிப்பாளர் வால்டர் லான்ட்ஸின் 1941ஆம் வருடப் படம் ஒன்று மறுவெளியீடு கண்டபோதும் என்ஏஏசிபி 1948இல் எதிர்க்க, யுனிவர்சல் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது.

2010இல் பதினொன்றில் எட்டுப் படங்களை ஹாலிவுட்டில் ஒரு செவ்வியல் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். அறிமுகம் செய்தவர், கறுப்பினத் திரை வரலாற்றாய்வாளர் டொனால்ட் போகிள்.

ஸ்பீடி கன்சாலஸ் எழுப்பும் சிக்கல்

இதுவரை சொன்னதை வைத்து, வார்ப்பு என்றாலே கெடுதல் என்று முடிவுக்கு வந்தால் மெக்சிகோ எலி குறுக்கே ஓடும்.

ஸ்பீடி கன்சாலஸ் 1953இல் முதலில் வந்தது. 1955இல் திரும்ப வடிவமைத்த படம் ஆஸ்கர் வாங்கியது. அகன்ற தொப்பி, வெள்ளை உடை, உச்சரிப்புக் கேலி, எல்லாமே வார்ப்பு. குரல் கொடுத்த மெல் பிளாங்க் மெக்சிகோக்காரர் அல்ல. சுற்றியிருக்கும் எலிகள் குடித்துவிட்டுத் தூங்குகிறவர்கள். ஸ்பீடியின் உறவுக்காரன் பெயரே ஸ்லோபோக், அதாவது மந்தன். இதையெல்லாம் பார்த்து கார்ட்டூன் நெட்வொர்க் 1999இல் அமெரிக்காவில் ஸ்பீடியை நிறுத்திவைத்தது.

எதிர்ப்பு வந்தது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரிடமிருந்து. எங்கள் ஸ்பீடியைத் திருப்பிக்கொடுங்கள் என்றார்கள். லத்தீன் அமெரிக்கக் குடிமக்களின் உரிமை அமைப்பான லுலாக் ஸ்பீடியைப் பண்பாட்டுச் சின்னம் என்றது. 2002இல் ஸ்பீடி திரும்பியது. அவர்கள் வாதம் எளிது: எங்கள் பெயருள்ள ஒருவன் எல்லாரையும்விட வேகமானவன், புத்திசாலி, ஒவ்வொரு படத்திலும் வெள்ளைக்காரப் பூனையைத் தோற்கடித்து ஊருக்குச் சோறு கொண்டுவருகிறவன். ஸ்லாப்ஸ்டிக்கில் யாருக்கு அடி விழுகிறது என்பது, யார் எப்படி உடுத்தியிருக்கிறார் என்பதைவிடப் பெரியது.

ஆனால் இந்த வாதத்திலும் ஓட்டை உண்டு. நாயகன் ஒருவன் ஜெயிக்கிறான். அவனைச் சுற்றியிருப்பவர்கள் அத்தனை பேரும் குடிகாரர்களாகவே இருக்கிறார்கள். இரண்டும் ஒரே படத்தில் இருக்கின்றன. மேமிக்கும் ஸ்பீடிக்கும் உள்ள வித்தியாசம் கதைப் பின்னலில் இருக்கிறது: அவன் கதையை நடத்துகிறான், அவள் கதையில் இடைவெளியை நிரப்புகிறாள்.

பெண் பாத்திரங்கள் விஷயமும் ஏறக்குறைய இதேதான். துரத்துவதும் துரத்தப்படுவதும் ஆண்கள். டாமின் காதலி டூடில்ஸ் 1946இல் வந்தாள். நீண்ட இமை, ஒய்யாரம், பேச்சு கிடையாது. பெப்பே லெ ப்யூ என்ற நாற்றமடிக்கும் ஸ்கங்க், விருப்பமில்லாத பெண் பூனையை விடாமல் துரத்துவதே நகைச்சுவையாக ஓடியது.

வரைந்த கைகள்

திரையில் யார் என்ற கேள்வி, மேசையில் யார் என்ற கேள்வியிலிருந்து வருகிறது. டிஸ்னியில் வேலை கேட்ட ஒரு பெண்ணுக்கு 1938இல் அனுப்பிய பதில் பிரபலம்: படைப்பு வேலைகளில் பெண்கள் ஈடுபடுவதில்லை, அவை முழுக்க இளைஞர்களால் செய்யப்படுகின்றன என்று. பெண்களுக்குக் கிடைத்தது மை தீட்டி வண்ணம் நிரப்பும் பிரிவு. ஃப்ளெய்ஷர் நிறுவனத்தில் லில்லியன் ஃப்ரீட்மன், லான்ட்ஸிடம் லாவெர்ன் ஹார்டிங் என்று விதிவிலக்குகளைப் பெயர் சொல்லி எண்ணிவிடலாம். வுட்டி வுட்பெக்கரின் அந்த வெறிச்சிரிப்பை 1950 முதல் சிரித்தவர் லான்ட்ஸின் மனைவி கிரேஸ் ஸ்டாஃபோர்ட். குரல் தேர்வில் தன் ஒலிப்பதிவைப் பெயரில்லாமல் மற்றவற்றோடு கலந்துவைத்துத் தேர்வானவர். பல வருடங்கள் திரையில் பெயர் போடாமலே பேசினார்.

கறுப்பினக் கலைஞர்கள் ஓவிய மேசைக்கு வந்தது 1950களில். டிஸ்னியின் முதல் கறுப்பின அனிமேட்டர் ஃப்ளாய்ட் நார்மன் சேர்ந்தது 1956இல். மேமியின் கடைசிப் படம் வெளியாகி நான்கு வருடம் ஆகியிருந்தது.

ஒரு முரண் மட்டும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பப்பாயும் பக்ஸ் பன்னியும் ஜப்பானியரை எத்துப்பல்லும் தடித்த கண்ணாடியுமாகக் காட்டி அடித்த படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அப்போது இவாவோ தகமோட்டோ என்ற பதின்வயது அமெரிக்க ஜப்பானியர், ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு அடைத்துவைத்த மான்சனார் முகாமில் இருந்தார். உடன் அடைபட்ட கலைஞர்களிடம் அங்கே படம் வரையக் கற்றார். போர் முடிந்த 1945இல் டிஸ்னியில் சேர்ந்தார். பிறகு ஹன்னா-பார்பெரா நிறுவனத்துக்கு வந்து ஸ்கூபி-டூவை உருவமைத்தவர் அவர்தான்.

இப்போது நடப்பது என்ன?

2005இல் வந்த லூனி ட்யூன்ஸ் தொகுப்பு ஒன்றின் முன்னுரையில் கறுப்பின நடிகை ஹூபி கோல்ட்பர்க் திரையில் தோன்றிப் பேசினார். வார்னர் பயன்படுத்தும் எச்சரிக்கையின் சாரமும் அதேதான்: இந்தச் சித்திரிப்புகள் அன்றும் தவறு, இன்றும் தவறு, ஆனால் இவற்றை மறைத்தால் அந்தத் துவேஷம் இருந்ததே இல்லை என்று சொல்வதாகும். 2020 அக்டோபரில் டிஸ்னியும் தன் சேவையில் எச்சரிக்கையை விரிவாக்கியது.

வெட்டுவதைவிட இது மேல் என்றே நினைக்கிறேன், பெரியவர்களுக்கு. ஐந்து வயதுக் குழந்தை எச்சரிக்கைப் பலகையைப் படிக்காது. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர் படிக்க வேண்டும்; அப்படி உட்காருகிற வீடுகள் எத்தனை என்பது வேறு கதை.

நீங்கள் பார்க்கும் பிரதி எது என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. ஆங்கில ஒலியில் கேளுங்கள்.

1. கறுப்புக் கால்கள், கனத்த தென்மாநிலப் பேச்சு என்றால் அது மூலப் படம், பேசுவது ராண்டால்ஃப்.

2. கறுப்புக் கால்கள், கொச்சை குறைந்த பேச்சு என்றால் டர்னர் காலத்தியது.

3. ஒல்லி வெள்ளைக்காரி என்றால் 1960களில் திரும்ப வரைந்தது.

மூலப் பிரதியில் ‘சாட்டர்டே ஈவினிங் புஸ்’ கிடைத்தால், ஜெர்ரி போன் செய்த பிறகு மேமி சீட்டாட்டத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவரும் காட்சியில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். சில சட்டகங்களில் அவள் முகம் தெரியும்.